சிவப்புத் துண்டு வாங்கக் குமாரபாளையம் போனேன்

துண்டு வாங்குவதற்காக இந்தியாவுக்குப் போகிறேன் என்று சொன்னபோது மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானில் யாரும் நம்பவில்லை. பழனிக்கு நேர்த்திக்கடனா என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். பட்டுப்புடவை வாங்கத்தானே, மறைக்காதே என்றாள் தங்கை. துண்டுதான். சிவப்பு நிறம், இரண்டு ஓரமும் வெள்ளைக் கரை, எங்கள் சங்கத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒன்று.

நான் ஓர் அரசு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறவள். மருத்துவமனைதான் அரசுடையது, நாங்கள் குத்தகை நிறுவனத்து ஆட்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை குத்தகை கைமாறும். துடைப்பமும் நாங்களும் அதே வார்டில் இருப்போம், போட்டிருக்கும் சட்டையின் நிறம் மட்டும் மாறும். பச்சை போட்டோம், நீலம் போட்டோம், ஒருமுறை கத்தரிப்பூ நிறம்கூடப் போட்டோம். நிறம் மாறும் ஒவ்வொரு தடவையும் எங்கள் பழைய சர்வீஸ் அழிந்துபோய், நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஆகிவிடுவோம். அதற்காகத்தான் சங்கம் கட்டினோம். இழுத்தடித்து, அலையவிட்டு, இந்த வருடம்தான் பதிவு கிடைத்தது.

மே தினத்தில் முதல்முறையாகச் சொந்தப் பெயரில் ஊர்வலம். எல்லோருக்கும் டி-ஷர்ட் அடிக்கலாம் என்றார்கள். இத்தனை நாள் போட்ட சட்டைகள் போதாதா, தோளில் ஒரு துண்டு இருக்கட்டும், அதை எந்தக் குத்தகைக்காரனும் திருப்பிக் கேட்க மாட்டான் என்று வாதாடிக் கமிட்டியை வளைத்தவள் நான். ஆகவே வாங்கி வர வேண்டியவளும் நானே. மே தினத்தன்று ஒரு தோளும் வெறுமையாக இருக்காது என்று எழுந்து நின்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

முதல் நாள் சேலம். ஃபேர்லேண்ட்ஸில் ஒரு லாட்ஜில் பையை வைத்துவிட்டு, வெயில் இறங்கியதும் தெருவோரக் கடையில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காரட், பீட்ரூட், வெங்காயத் துருவல், இரண்டு சட்னி. எங்கள் ஊரில் ரோஜாக் என்று விற்கும் காய்கறிக் கலவையை உள்ளங்கைக்குள் அடக்கிவிட்டால் இப்படித்தான் இருக்கும். முதல் செட் பசிக்கு, இரண்டாவது ருசிக்கு, மூன்றாவதற்குக் காரணம் கிடைக்கவில்லை.

"எந்த ஊருங்க?" என்றார் கடைக்காரர்.

"மலேசியா."

"பூர்வீகமுங்க?"

"அதுவும் மலேசியாதான்."

"அதுக்கு முன்னாடிங்க?"

"ரப்பர் தோட்டம்."

அவருக்குத் திருப்தி இல்லை. பேச்சைக் கேட்டால் ஆத்தூர்ப் பக்கம் மாதிரி இருக்கிறது என்று அவரே எனக்கு ஓர் ஊரை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார். நானும் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் ஆட்டோ மத்திய சிறையைத் தாண்டியது. ஓட்டுநர் தானாகவே வேகத்தைக் குறைத்தார். சுதந்திரம் வந்த சில வருடங்களில், உள்ளே அடைபட்டிருந்த விவசாயச் சங்கத்து ஆட்களைச் சுட்டுக் கொன்ற இடம் இது என்றும், வருடா வருடம் கொடியோடு வந்து அஞ்சலி செலுத்துகிறார்கள் என்றும் சொன்னார். இதை நான் எங்கோ படித்திருக்கிறேன். ஆனால் படித்தபோது அந்தச் சுவருக்கு இவ்வளவு பக்கத்தில் பழக்கடையும் பேக்கரியும் இருக்கும் என்று நினைக்கவில்லை. 

மறுநாள் காலை பேருந்து. குமாரபாளையம் என்று சொல்லித்தான் ஏறினேன். வழியில் சங்ககிரி மலையைப் பார்த்தது நினைவிருக்கிறது, அதன் பின் தூங்கிவிட்டேன். கண்டக்டர் எழுப்பி இறக்கிவிட்ட இடத்தில் ஒரு மேம்பாலமும் நானும் மட்டுமே இருந்தோம்.

"ஊருக்குள்ள போகாதா?" என்றேன்.

"பைபாஸ் வண்டிங்க அக்கா. உள்ள போவாதுங்க," என்று சொல்லி விசில் ஊதினார்.

எங்கள் ஊரில் இப்படி இறக்கிவிட்டால் புகார் கொடுப்போம். இங்கே புகார் கொடுப்பதற்குக்கூட ஓர் ஆள் தென்படவில்லை. கால் மணி நேரம் வெயிலில் நின்ற பிறகு ஒரு முட்டை வேன் தானாகவே நின்றது. நாமக்கல்லில் இருந்து வருகிறது. ஓட்டுநர் கதவைத் திறந்து, "ஏறுங்க அக்கா. மெதுவாத்தான் போவேன், பின்னாடி பூரா முட்டை," என்றார்.

நான் சங்கத்து ஆள் என்று தெரிந்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. "லாரி ஸ்டிரைக் அறிவிச்சா எங்க நாமக்கல்லே நின்னுரும்ங்க. லாரி நிக்கும், லோடுமேன் நிப்பாரு, பட்டறையில பாடி கட்டறவரு நிப்பாரு. கோழி மட்டும் நிக்காதுங்க. அது பாட்டுக்குப் போட்டுட்டே இருக்கும். அந்த முட்டைய எங்க கொண்டு வெக்கறதுங்க? போன ஸ்டிரைக்குல எங்கூட்டுல மூணு வேளையும் முட்டைதானுங்க. எம்பட பொண்ணு இன்னும் முட்டையப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறா."

இறங்கும்போது நான்கு முட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்தார். வேண்டாம் என்றதைக் காதிலேயே வாங்கவில்லை. இந்த ஊர்க்காரர்களிடம் வேண்டாம் என்ற சொல் செல்லுபடியாகாது என்பதை நான் அப்போதே குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

துண்டு நெய்யக் கொடுத்திருந்த அர்த்தநாரி எங்கள் பொருளாளருக்குச் சம்பந்தி வழியில் உறவு. சொந்தமாகச் சின்னதாக ஒரு விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கிறார். வாசலிலேயே நின்றிருந்தார். "உங்க ஊர் எவ்வளவு அமைதியா இருக்கு," என்று நான் பாராட்டினேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "சாப்பிட்டுப் பேசலாமுங்க," என்றார்.

அரிசியும் பருப்பும் போட்டுப் பொங்கிய சாதம், மேலே கரண்டி நிறைய நெய், சுட்ட அப்பளம். கூடவே நான் கொண்டுவந்த முட்டையும் வறுவலாகி வந்தது. நான் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு, மோரும் குடித்து, கை கழுவிய பிறகுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். தறி ஓட்டுகிறவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். அந்தப் பக்கத்துப் பட்டறை அத்தனையும் நின்று பல நாளாகிறது.

"போன்ல சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க வராமப் போயிருவீங்கல்லோ. வந்தா ஒரு வாய் சாப்பிட்டாவது போவீங்க."

வீட்டை ஒட்டியிருந்த பட்டறைக்குள் கூட்டிப்போனார். என் துண்டுக்கான பாவு தறியில் ஏறியிருந்தது. பாவு என்பது நெடுக்கே ஓடும் நூல், அது தறியில் பிணைக்கப்பட்ட பிறகுதான் நெசவு. ஒரு சாண் நீளம் நெய்திருந்தார்கள், அவ்வளவுதான். மீதி நூலெல்லாம் சிவப்பு ஆறாகப் பின்னால் கிடந்தது. அதன் மேல் பழைய சேலை ஒன்று போர்த்தியிருந்தது.

"இதை யார் போர்த்தினது?"

"அவங்கதானுங்க. ஸ்டிரைக்னு சொல்லிட்டு வெளிய போறதுக்கு முன்னாடி நூலு இழுத்துட்டு நின்னு அறுந்து போகக் கூடாதுன்னு பாவைத் தளர்த்தி உட்டாங்க. தூசி படியாம அவங்கவங்க ஊட்டுச் சேலையக் கொண்டாந்து போத்திட்டுத்தான் போனாங்க. சண்டை கூலிக்குத்தானுங்க. பாவு என்ன பண்ணுச்சு?"

அர்த்தநாரி கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. நூலைக் கொடுத்துத் துணியாக வாங்கிக்கொள்ளும் பெரிய வியாபாரிகள் தரும் கூலியில்தான் அவர் தறிக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். முன்பு ஒரு தடவை இவரைப் போன்ற பட்டறைக்காரர்கள் சேர்ந்து அந்த வியாபாரிகளுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தார்களாம். அப்போது இதே தறிக்காரர்கள் இவரோடு பந்தலில் உட்கார்ந்தார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார். "நீங்களும் சங்கத்து ஆளுதானுங்களே. சங்கத்துக்குத்தான் துண்டுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, அவங்க தட்ட மாட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. முதலில் அவர் மேல், அடுத்து தறிக்காரர்கள் மேல். இவர்களுக்கு வேறு மாதமே கிடைக்கவில்லையா என்று நினைத்தேன். நினைத்த மறு நொடி வெட்கமாகிவிட்டது. நாங்கள் ஒருநாள் துடைப்பத்தைக் கீழே வைத்தபோது எங்கள் சூப்பர்வைசர் சொன்ன அதே வார்த்தை.

மூன்றாம் நாள் வேலைநிறுத்தப் பந்தலுக்குப் போனேன். துண்டைப் பற்றி வாயைத் திறப்பதில்லை, சும்மா பார்த்துவிட்டு வருவது என்று எண்ணம். அங்கே கஞ்சித் தொட்டி திறந்திருந்தார்கள். தெருவில் அடுப்பு மூட்டி, அண்டாவில் கஞ்சி காய்ச்சி, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றுவது இந்தப் பக்கத்து நெசவாளர்களின் பழைய போராட்ட முறை. ஊருக்கே துணி நெய்கிறவர்கள் கஞ்சிக்கு வந்துவிட்டார்கள் என்று ஊர் பார்க்க வேண்டும். எங்கள் நாட்டில் வேலைநிறுத்தம் செய்வதென்றால் ரகசிய வாக்கெடுத்து, மேலே அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, அதற்குள் கோபமே ஆறிவிடும். இங்கே ஓர் அண்டாவும் விறகும் போதும். நானும் வரிசையில் நின்றேன். சின்ன வெங்காயமும் உப்பில் ஊறிய மாங்காயும் கடித்துக்கொள்ளக் கொடுத்தார்கள். இதைச் சொல்லக் கூடாது, ஆனால் அந்தக் கஞ்சி அவ்வளவு ருசி.

ஊற்றிக்கொண்டிருந்த சாந்தாமணி என் வயதுக்காரி. பேசும்போது கரண்டியையும் சேர்த்து ஆட்டுவாள். நான் மலேசியா என்றதும் கரண்டியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு என்னோடு வந்து உட்கார்ந்தாள். கதை கேட்க இன்னும் சிலர் நகர்ந்து வந்தார்கள். எட்டு மணி நேர வேலைக்காகச் சிகாகோவில் செத்தவர்கள் கதை அவர்களுக்கும் தெரிந்திருந்தது. "எட்டு மணி நேரமுன்னு செவுத்துல எழுதி வெச்சிருக்கறோமுங்க. தறிகிட்ட பன்னண்டு மணி நேரம் நிக்கறோம்," என்றாள் சாந்தாமணி.

அவர்களுக்குத் தெரியாத ஒன்றை நான் சொன்னேன். ஜப்பானியர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் எங்கள் ஆட்கள் நடத்திய வேலைநிறுத்தம். சம்பளம் கேட்டார்கள், பள்ளிக்கூடம் கேட்டார்கள், கூடவே இன்னொன்றும் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்றார்கள். பட்டாளத்தைக் கொண்டுவந்து சுட்டார்கள், சிலரை நாடு கடத்தி இந்தியாவுக்கே அனுப்பினார்கள்.

"சைக்கிள்ல இருந்து எறங்கோணுமா?" என்று ஒரு பெண் சிரித்தாள்.

மாரப்பன் என்ற தறிக்காரர் அதுவரை பேசாமல் பீடியை உருட்டிக்கொண்டிருந்தார். "அது இங்கயும் இருந்துச்சுங்க," என்றார். "துரைக்கு எறங்கல. இந்தத் தெருவுல இருந்து அந்தத் தெருவுக்குப் போறப்ப எறங்கினோம்."

சிரித்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். 

கடைசியில் சாந்தாமணி, நான் எதற்கு வந்தேன் என்று கேட்டாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. துண்டு, சட்டை நிறம், முதல் ஊர்வலம், கமிட்டியில் கொடுத்த வாக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அந்தச் செவப்புப் பாவு உங்களுதுங்களா?" என்றாள். "ஏதோ கட்சி ஆர்டருன்னு நெனச்சோம். எஞ்சேலதானுங்க அதும்மேல போத்தியிருக்குது."

எழுந்து போய்க் கரண்டியைத் திரும்ப வாங்கினாள். இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

நான்காம் நாள் காலை நான் பசியாறிக்கொண்டிருந்தபோது சாந்தாமணியும் மாரப்பனும் இன்னும் நாலைந்து பேரும் அர்த்தநாரி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். பந்தலில் கூடிப் பேசி முடிவு எடுத்துவிட்டார்களாம். "அக்காவோட துண்டை மட்டும் நாங்க நெய்து தாரோமுங்க. கூலி வேண்டாம். கடல் தாண்டி வந்தவங்களை வெறுங்கையோட அனுப்ப முடியாதுல்லங்க. இது முடிஞ்சதும் மறுபடியும் ஸ்டிரைக்குத்தான்."

அர்த்தநாரியின் முகம் மலர்ந்தது. என் முகமும் மலர்ந்திருக்கும், பொய் சொல்ல மாட்டேன். கிள்ளானுக்கு, எங்கள் சங்கத் தலைவருக்குப் போன் போட்டேன். "அவங்களே தர்றாங்கன்னா என்ன யோசனை லா? வாங்கிட்டு வா," என்றார். நானும் சரி என்று சொல்லத்தான் வாசலுக்கு வந்தேன்.

வாசலில் எதிர்ப் பட்டறைக்காரர் நின்றிருந்தார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய திருநீறு. அர்த்தநாரியிடம் சிரித்த முகத்தோடு, "ஏனுங்க, இன்னைக்கு உங்க தறி ஓடுதாமுங்களே?" என்றார். அவருக்குப் பின்னால் அவர் பட்டறையின் ஷட்டர் இடுப்பு உயரம் தூக்கியிருந்தது. உள்ளே யாரோ தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அர்த்தநாரி பட்டறையில் ஒரு தறி சத்தம் கேட்டால் போதும், அடுத்து இவர் ஆளைக் கூப்பிடுவார். அவருக்கு ஓடுகிறதே என்று மூன்றாவது வீட்டுக்காரர் கூப்பிடுவார். அது யாருடைய துண்டு, எதற்குத் துண்டு என்று தறிச் சத்தத்தில் யார் கேட்கப் போகிறார்கள்? சாந்தாமணி அதற்குள் பட்டறைக்குள் போய்த் தன் சேலையை உருவி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம், போர்த்திடுங்க," என்று உள்ளே போய்ச் சொன்னேன்.

அவள் நின்றாள். "ஏனுங்க?"

"எனக்கு இப்ப வேணாம்."

"எங்க கையில வாங்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்களா?" நிஜமாகவே அவளுக்கு வருத்தம். கஞ்சி குடித்த என் கையைப் பார்த்தாள்.

"உங்க கையாலதான் வேணும். எதிர்க்க ஷட்டர் பாதி தூக்கியிருக்கு பாருங்க. உங்க சத்தத்துக்குத்தான் அவர் காத்திருக்கார்."

"அவரு காத்து வர்றதுக்குத் தொறந்து வெப்பாருங்க," என்றார் கூட வந்த ஒருவர். உபசாரம் கெட்டுவிடக் கூடாது என்று அவருக்கு அவ்வளவு அக்கறை.

நான் தறி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். "இந்தத் துண்டைப் போட்டுக்கிட்டு நான் மே தினத்துல நடப்பேன். எங்க நெய்ததுன்னு கேப்பாங்க. வேலைநிறுத்தம் நடக்கற ஊர்ல, எங்களுக்காக அதை உடைச்சு நெய்து கொடுத்தாங்கன்னு நான் சொல்லணும். எனக்கு வாய் வராது சாந்தாமணி. தோள் வெறுமையாவே இருக்கட்டும்."

 அர்த்தநாரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரப்பன்தான் வாயைத் திறந்தார். "அக்கா சொல்றது சரிதானுங்க. நாம வந்தவங்களப் பாத்தோமே ஒழிய, நாம நின்ன காரியத்தப் பாக்கல." சொல்லிவிட்டு, சாந்தாமணியின் கையில் இருந்த சேலையை வாங்கி உதறி, தானே பாவின் மேல் போர்த்தினார்.

எதிர் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. இறக்கியவர் காறித் துப்பியதும் கேட்டது.

சாந்தாமணி என் முன்னால் வந்து நின்றாள். "சரிங்க. துண்டு வேண்டாம்னுட்டீங்க. இனி வேற எதையும் வேண்டாம்னு சொல்லக் கூடாது."

துண்டுக்காகக் காலியாகக் கொண்டுவந்த இரண்டு பெரிய பைகள் அன்று சாயங்காலத்துக்குள் நிரம்பிவிட்டன. ஜவ்வரிசி வடகம், முறுக்கு, பருப்புப் பொடி, மாங்காய் வற்றல். வேலை இல்லாத வீடுகளில் இருந்து வந்தவை. வேண்டாம் என்றால் செல்லாது என்று தெரியும், அதனால் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அழுதேன். அர்த்தநாரி பேருந்து நிலையம் வரை வந்து, பைபாஸ் வண்டி இல்லை என்று கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு என்னை ஏற்றிவிட்டார். "பேசி முடிச்சுருவோமுங்க. முடிஞ்சதும் மொதல்ல உங்க பாவுதான்," என்றார். அவர் மனசு நோகாமல் சொன்னார் என்பதில் எனக்கு நிம்மதி.

கிள்ளானில் கமிட்டி என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியது. வடகத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கட்டுமா என்று தலைவர் கேட்டார். நான் பந்தலையும் அண்டாவையும், தளர்த்திவிட்ட பாவையும், அதைப் போர்த்திய சேலையையும் பற்றிச் சொன்னேன். ஹலிமா என்னோடு ஒரே வார்டில் வேலை செய்கிறவள், மலாய்க்காரி. பாதி தமிழிலும் பாதி மலாயிலும் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, அந்த ஊரின் பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். "குமாரபாளையம்" அவள் வாயில் நான்கைந்து தடவை உடைந்து, கடைசியில் ஒருவழியாக வந்தது.

மே தினத்தன்று வெறும் தோளோடு நடந்தோம். துண்டோடு வருவோம் என்று நான் ஊரெல்லாம் பீற்றியிருந்ததால், பார்க்கிறவர்களெல்லாம் அதையே கேட்டார்கள். கேட்கக் கேட்க எங்கள் ஆட்கள் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஊர்வலம் முடிவதற்குள் அந்த ஊர்ப் பெயர் தெரியாத சங்கம் அங்கே இல்லை. திடலுக்குப் பக்கத்தில், பேருந்து ஓட்டுநர் சங்கத்துச் சீனர் ஒருவர் ஹலிமாவை நிறுத்தி, உங்கள் சிவப்புத் துண்டு எங்கே என்றார். தறியில் இருக்கிறது, நெய்கிறவர்கள் கூலி உயர்வு கேட்டு நிற்கிறார்கள் என்றாள் அவள்.

"அப்படியா? உங்களுக்கு எப்போது கிடைக்கும்?"

ஹலிமா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அவர்களுக்குக் கிடைத்த பிறகு," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.